பை வைத்த இடம்

அண்ணிக்கு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குத் திருப்பத்தூரில் நேர்காணல். அங்கன்வாடி வேலை. அதுவும் எங்கள் மலையிலேயே, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற அங்கன்வாடி. அங்கே இடம் காலியாகட்டும் என்று அண்ணி ஆறு வருடம் காத்திருந்தாள். கடிதம் வந்த அன்று அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அப்புறம் ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்ப்பாள், மறுபடி செருகுவாள்.

மலைமேல் இருக்கிற எங்கள் புதூர்நாட்டிலிருந்து கீழே திருப்பத்தூருக்கு இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். மழையில் ஒரு வளைவில் ரோட்டின் ஓரம் சரிந்ததிலிருந்து பஸ் மேலே வருவதில்லை. ஜீப் மட்டும் நுழைந்து போகும். ஜீப்புக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. பத்துப் பேர் சேர்ந்தால் கிளம்பும். முதல் வண்டி நிரம்ப எட்டரை ஆகும், சில நாள் ஒன்பதும் ஆகும். என் அண்ணன் ஊர் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறவன். அந்த வியாழக்கிழமை முதல் முறை அவன் வண்டிக்குத்தான். ஆனாலும் அண்ணிக்கு அதில் சலுகை எதுவும் இல்லை.

"பொண்டாட்டிக்கின்னு காலி வண்டி எடுத்தன்னா ஸ்டாண்டுல இன்னா பேசுவானுங்க? பத்து பேரு சேரட்டும், எடுக்கிறேன்," என்றான்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "ஆப் ஒண்ணு செஞ்சு தர்றேண்ணா. யார் யார் வர்றாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிடும். ஏழரைக்கெல்லாம் எடுத்துடலாம்."

அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். அண்ணி மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து, "செய் பாப்பா," என்றாள். அவள் என்னை நம்பினாள். இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

நான் சென்னையில் ஏழு வருடம் கம்பெனிகளுக்குக் கோட் எழுதிவிட்டு, வேலையை விட்டு மலைக்கு வந்தவள். இங்கிருந்தே தனியாக ஆப் செய்து கொடுக்கிறேன். ஆரணியில் ஒரு துணிக்கடை, வேலூரில் ஒரு பள்ளி, இப்படிச் சில்லறை வேலைகள். கீழே இருக்கிறவர்களுக்கு நான் டெவலப்பர். மலையில் கேட்டால், வூட்டுல குந்திக்கினு கம்ப்யூட்டர் பாக்குற பொண்ணு. அதை யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும். ஊருக்கு நடுவில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்ற அரிப்பு எனக்கு இரண்டு வருடமாக இருந்தது. அண்ணியின் நேர்காணல் எனக்குச் சாக்காகக் கிடைத்தது. இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

கையில் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த ஆப்பை நானே உட்கார்ந்து எழுதியிருந்தால் ஐந்து நாளில் முடிந்திருக்கும். ஆனால் இப்போது நமக்கு என்ன வேண்டும் என்று சொன்னாலே ஆப் கட்டித் தருகிற ஏஐ பில்டர்கள் வந்துவிட்டன. துணிக்கடைக்காரர் போன மாதம்தான் கேட்டிருந்தார், "அதுல பத்து நிமிசத்துல வந்துடுதாமே மேடம், உங்களுக்கு மட்டும் எதுக்கு ஒரு மாசம்?" சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஏதாவது ஒரு பில்டரைத் தேர்ந்தெடுத்துக் கற்றுக்கொள்ளாவிட்டால் என் பிழைப்பு இவ்வளவுதான் என்று பட்டது. சரி, ஜீப் ஆப்பில் ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, வெயில் நகர நகர நானும் நகர்ந்து நகர்ந்து அங்கேதான் வேலை செய்வேன். முதல் நான்கு நாள் நான் எந்த ஆப்பும் செய்யவில்லை. எந்த பில்டர் நல்லது என்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். இதை விட்டால் உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று ஒருவன் சொல்வான். அதே பில்டரைத் தொட்டுவிடாதே, அழுவாய் என்று அடுத்தவன் சொல்வான். ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். கட்டின கோட் முழுவதையும் வெளியே எடுத்துக்கொள்ள விடுமா? நெட் போனால் ஓடுமா? தமிழ் எழுத்து உடையாமல் வருமா? நாளைக்கு அந்தக் கம்பெனியையே மூடிவிட்டால் நம் ஆப் என்ன ஆகும்? எட்டுக் கட்டமாக ஆரம்பித்தது இருபது கட்டத்தில் போய் நின்றது. இப்போது அந்த நோட்டைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. அந்த இருபதில் ஒரு கட்டத்தில்கூட ஜீப் என்ற சொல் இல்லை.

கடைசியில் மூன்று மிஞ்சின. அவற்றின் நிஜப்பெயர்கள் இங்கே வேண்டாம். நான் வைத்த பெயர்களையே சொல்கிறேன்.

முதலாவது மினுக்கி. ஜீப்பில் இடம் பிடிக்க ஓர் ஆப் வேண்டும் என்றேன். நாலு நிமிடத்தில் தளதளவென்று ஒன்றைக் கட்டி நீட்டியது. முகப்பில் ஒரு ஜீப் பனிமலையில் ஏறிக்கொண்டிருந்தது. பனியை எடு என்றேன், எடுத்தது. கூடவே எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டது. பெயர்களைத் திருப்பிக் கொடு என்றேன், கொடுத்தது. பொத்தானைக் காணோம். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் "அருமையான யோசனை!" என்று மட்டும் தவறாமல் சொல்லும்.

இரண்டாவது ஊமை. பேசவே பேசாது. சொன்னதை அப்படியே செய்யும், நெட் இல்லாவிட்டாலும் ஓடும். ஆனால் பார்ப்பதற்கு ஏதோ விண்ணப்பப் படிவம் மாதிரி இருந்தது. இதையா ஊருக்குக் காட்டுவது என்று ஒதுக்கினேன்.

மூன்றாவது கறார். எதையும் கட்டுவதற்கு முன்னால் கேள்வி கேட்கும். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி? ஒருவர் இன்னொருவருக்காக இடம் பிடிக்கலாமா? வராதவர்களை என்ன செய்வது? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, காசு கட்டி வாங்கின கிரெடிட் கரையும். எனக்கோ பொறுமை கரைந்தது. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, அது இப்படிக் கேட்டது: "இந்த ஆப் வருவதற்கு முன், இப்போது பயணிகள் எப்படி இடம் பிடிக்கிறார்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இது தெரியாதா எனக்கு? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எங்கள் ஸ்டாண்டில் இடம் பிடிப்பது பையை வைத்துத்தான். மஞ்சள் பை, சாமை மூட்டை, பலாப்பழம், துண்டு, எதுவானாலும் சரி. சீட்டில் வைத்துவிட்டால் அந்த இடம் உங்களுடையது. நீங்கள் டீக்கடைக்குப் போகலாம், ரேஷன் கடைக்குப் போகலாம். நீங்கள் வந்து ஏறாமல் வண்டி நகராது. கிளம்பும்போது மூன்று தடவை ஹாரன் அடிப்பார்கள். பைக்காரர்கள் ஓடி வருவார்கள். எந்தப் பை யாருடையது என்று டிரைவருக்குத் தெரியும். ஒருவர் வைத்த பையை இன்னொருவர் தொட்டு நான் பார்த்ததில்லை. பையை வைத்துவிட்டு ஒருவர் வராமல் போய், அவருக்காக வண்டி முக்கால் மணி நேரம் நின்ற கதையெல்லாம் உண்டு. அப்போதும் வண்டிக்காரனை யாரும் திட்டவில்லை. பை இருக்கிறதே, எப்படி எடுப்பான் என்றுதான் சொன்னார்கள்.

இது அத்தனையும் தெரிந்தும், கறாருக்கு நான் அதை எழுதவில்லை. சாமை மூட்டையையும் பலாப்பழத்தையும் ஒரு மெஷினிடம் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது. ஊர்ப் பழக்கத்தை மாற்றத்தானே ஆப், அதை எதற்கு அதற்குள் கொண்டுபோக வேண்டும் என்ற திமிரும் இருந்தது. "தேவையில்லாத கேள்வி" என்று தட்டிவிட்டு மூடினேன்.

அண்ணி தினமும் மதியம் மாடிக்குக் களியோ சோறோ கொண்டுவருவாள். தட்டை வைத்துவிட்டு ஸ்கிரீனை எட்டிப் பார்ப்பாள்.

"இன்னா பாப்பா, நேத்து பச்சையா இருந்துச்சே, இன்னிக்கி வேற மாதிரி கீது?"

"அது வேற அண்ணி. அதை விட்டுட்டேன்."

"முந்தாநாளு ஒண்ணு இருந்துச்சே?"

"அதையும் விட்டுட்டேன்."

சிரிக்கமாட்டாள். "சரி. வியாழக்கெழம," என்பாள். தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள்.

எனக்கு எரிச்சலாக வரும். அவள்மேல் இல்லை, ஆனால் வேறு யார்மேல் என்றும் சொல்லத் தெரியாது. மினுக்கியில் இருக்கும்போது கறார்தான் சரி என்று தோன்றும். கறாருக்குப் போனால், வியாழக்கிழமைக்குள் முடியாது, ஊமைக்கே போய்விடலாம் என்று தோன்றும். காலையில் ஒன்றை முடிவு செய்து, மதியக் களி வருவதற்குள் மாற்றியிருப்பேன். விரல் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டேன். மாடிப் படியில் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று கணக்கில்லை. அண்ணன் கீழே பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து, "புளி உலுக்குறவன்கூட ஒரு மரத்த முடிச்சிட்டுத்தாண்டி அடுத்த மரத்துக்குப் போவான்," என்றான். பதிலுக்கு ஏதோ கத்தினேன்.

செவ்வாய்க்கிழமை எனக்குத் தெம்பு தீர்ந்தது. நல்லதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் பொய். கண்ணுக்கு அழகாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். மினுக்கி. பத்துக் கட்டம், தொட்டால் பச்சையாகும். பத்தும் பச்சையானால் "வண்டி நிரம்பியது" என்று பெரிய எழுத்தில் வரும். புதன்கிழமை காலை ஊர் குரூப்பில் லிங்க் போட்டேன். "நாளை முதல் வண்டி ஏழரைக்கு. இடம் பிடிக்க இதைத் தொடவும். ஸ்டாண்டில் பை வைக்கத் தேவையில்லை." கடைசி வரியை எழுதும்போது எனக்குள் ஒரு குதூகலம் இருந்தது. முதல் பச்சை அண்ணிக்கு என்று நானே தொட்டேன். மாலைக்குள் மீதி ஒன்பதும் பச்சையாகிவிட்டன. நான் மாடியிலிருந்து கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் கலைந்து ஓடின.

அதே மாலை, அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து, "நாளைக்கி நம்ம வண்டி சீக்கிரம் கெளம்புது, வூட்டுக்காரிக்கு இன்டர்வியூ," என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு நாங்கள் ஸ்டாண்டுக்குப் போனபோது அங்கே ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். டீக்கடையில் கேள்விப்பட்டு வந்தவர்கள். அண்ணன் வண்டியில் ஏற்கெனவே ஒன்பது பை. ஒரு கட்டைப் பை, ஒரு மூட்டை, பாதி அறுத்த பலாவைக் கட்டின சாக்கு. அண்ணி தன் நீலப் பையைப் பத்தாவதாக வைத்தாள். சான்றிதழ்களும் கடிதமும் அந்தப் பைக்குள்தான் இருந்தன. பத்துப் பை. அந்த நிமிடமே ஹாரன் அடித்து எடுத்திருக்கலாம். எட்டரைக்கெல்லாம் கீழே இறங்கி, அண்ணி நிதானமாக ஒரு காப்பி குடித்திருப்பாள்.

நான் போனை எடுத்துப் பார்த்தேன். நின்றிருந்த ஒன்பது பேரில் ஒருவர் பெயர்கூட ஆப்பில் இல்லை.

"இவங்க யாரும் புக் பண்ணலண்ணா. புக் பண்ணவங்க ஒம்போது பேரு வரணும். இது நிரம்பின வண்டி," என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். பைகளைப் பார்த்தான். "போன்ல போட்டவங்களும் எடம் புடிச்சவங்கதான?" என்று கேட்டான். தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"ஆமா. முதல்ல புடிச்சவங்க."

என் பேச்சை நம்பி, நின்றவர்களிடம் அடுத்த வண்டியைக் கைகாட்டினான். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு பையாக எடுத்தார்கள். பலாச் சாக்குக்காரர் மட்டும் என் முகத்துக்கு நேராக, "வெச்ச பைய எடுக்கச் சொல்றது இன்னா பழக்கம்மா?" என்று கேட்டார். ஏழரைக்கு அண்ணன் மூன்று தடவை ஹாரன் அடித்தான். ஒருவரும் வரவில்லை.

எட்டு ஆயிற்று. நான் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். பாதிப் பேருக்கு லைன் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். ஒரு அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். அந்த அக்கா கொஞ்சம் கோபமாகவே, "அதான் போட்டுட்டேனேம்மா. வந்துடுறேன், வண்டி நிக்குமில்ல?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பச்சையைத் தொட்டதும் அவர்கள் பை வைத்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். பை வைத்தால் வண்டி நிற்கும், மூன்று ஹாரன் கேட்டால் ஓடி வரலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் அடுப்படியில் உட்கார்ந்து வைத்த பைக்கு ஹாரன் எப்படிக் கேட்கும்?

"எடுண்ணா, போலாம். காலியாவே எடு," என்றேன்.

அவன் அசையவில்லை. "ஒம்போது பேரு எடம் புடிச்சிக் கீறாங்கன்னு நீதான சொன்ன? வுட்டுட்டுப் போனன்னா நாளைக்கி எவன் என் வண்டியில பை வெப்பான்?"

அதற்குள் இரண்டாவது ஜீப் பழையபடி பைகளால் நிரம்பிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டியிலிருந்து இறக்கின அதே ஒன்பது பை. ஒரு இடம் மட்டும் பாக்கி. பலாச் சாக்குக்காரர் அண்ணியைக் கூப்பிட்டார். "இன்னாம்மா நிக்கிற? வா, ஒரு எடம் கீது."

அண்ணி அண்ணன் வண்டியிலிருந்து தன் நீலப் பையை எடுத்தாள். இரண்டாவது வண்டிக்குப் போய்ச் சீட்டில் வைத்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். இப்போது யோசித்தால் எனக்கே விளங்கவில்லை. முதல் நாளே, அதுவும் சொந்த அண்ணியே என் ஆப்பை விட்டுவிட்டு வேறு வண்டியில் ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. "அஞ்சே நிமிஷம் அண்ணி, நம்ம வண்டி இதோ கிளம்பிடும்," என்று சொல்லி, சீட்டில் இருந்த பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அண்ணி என்னோடு திரும்பி நடந்தாள். அவள் இடத்தில் வேறு யாரோ ஏறிக்கொள்ள, அந்த ஜீப் எட்டேகாலுக்குப் போய்விட்டது.

எங்கள் வண்டி ஒன்பதரைக்குக் கிளம்பியது. வந்தவர்கள் தலை வாரி, பவுடர் பூசி, சாவகாசமாக வந்தார்கள். யார்மேலும் தப்பில்லை. அந்த வளைவுகளில் அண்ணன் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்சீட்டில் அண்ணி பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முன்னால் அண்ணன் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை போனில் மணி பார்த்தேன்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். கெஞ்சினதில், எல்லாரும் போன பிறகு கடைசியாக உள்ளே விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது என்று மாதக் கடைசியில் தெரிந்தது. நேரத்துக்குப் போயிருந்தாலும் கிடைக்காமல் போயிருக்கலாம். எல்லாரும் எனக்கு இப்படித்தான் ஆறுதல் சொன்னார்கள். அண்ணி மட்டும் சொல்லவில்லை.

அன்று மினுக்கியை மூடியவள் அப்புறம் திறக்கவில்லை. ஊர் இரண்டு நாள் சிரித்தது, பிறகு மறந்தது. அண்ணி பழையபடி மதியம் மாடிக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஆனால் ஸ்கிரீனை எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது தாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு நாள் அவள் தட்டை வைத்தபோது கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுவிட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

"என்னாலதான் அண்ணி. லேட்டானது என்னாலதான்."

அவள் கையை உருவவில்லை. கீழே ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தாள். "லேட்டானது கெடக்குது பாப்பா," என்றாள். "வண்டின்னா முன்னப் பின்னதான். நான் பைய வெச்சிட்டேன். வெச்ச பைய நீ எடுத்துட்ட."

அவ்வளவுதான். தட்டை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

நான் கறாரைத் திறந்தேன். நான் தட்டிவிட்டுப் போன கேள்வி போட்டது போட்டபடி இருந்தது. இப்போது பயணிகள் எப்படி இடம் பிடிக்கிறார்கள்? இந்தத் தடவை எழுதினேன். மஞ்சள் பையை எழுதினேன், சாமை மூட்டையை எழுதினேன், பலாச் சாக்கை எழுதினேன், மூன்று ஹாரனை எழுதினேன். ஹாரன் கேட்கிற தூரத்தில் இருக்கிறவர்தான் பை வைக்கலாம் என்று எழுதினேன். கூச்சம் எதுவும் வரவில்லை.

அது படித்துவிட்டு வழக்கம்போல அடுத்த கேள்வியைப் போட்டது.

"ஒருவர் வைத்த பையை வேறொருவர் எடுக்கலாமா?"

எடுக்கக் கூடாது என்று தட்டினேன். யாரும், எதற்காகவும் எடுக்கக் கூடாது.